மூணரை மணி பெல்லும் நூத்திரெண்டு காய்ச்சலும்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, வீட்ல பொண்ணுக்கு உடம்பு சரியில்லாம போச்சு, நடுவுல சென்னை மழை வேற. இந்த மூணும் சேர்ந்து பண்ணின வேலைதான் இந்தப் பதிவு. வழக்கமான மொக்கை இல்ல, கொஞ்சம் சீரியஸ் மேட்டர். பொறுமையா முழுசாப் படிச்சுட்டு அப்புறம் திட்டுங்க.

போன நவம்பர்ல ஒரு புதன்கிழமை. காலைல பொண்ணை ஸ்கூட்டர்ல நான் கொண்டு போய் விடுவேன், சாயங்காலம் ஸ்கூல் ஆட்டோல வந்துடுவா. அன்னிக்கு ஆட்டோ அண்ணா ஊருக்குப் போயிட்டார்னு நானே கூப்பிடப் போனேன். மூணரை மணி பெல். ஸ்கூல் இருக்கறது மிஞ்சிப் போனா இருபதடி அகலமுள்ள தெரு. ஆயிரத்துச் சொச்சம் பசங்க ஒரே கேட் வழியா கால் மணி நேரத்துல வெளிய வரணும். அந்த இருபதடியிலயும் ரெண்டு பக்கமும் கார். மிச்சம் இருக்கற சந்துல ஆட்டோ, வேன், ஆக்டிவா, இளநீர் வண்டி, நடுவுல உக்காந்து அசை போடற ஒரு மாடு. மழை தூறிக்கிட்டிருந்துச்சு. நான் ரெயின்கோட் தொப்பிய மாட்டிக்கிட்டிருந்தேன். அதைப் போட்டா குதிரைக்குக் கண்ணுல பட்டி கட்டின மாதிரிதான், பக்கவாட்டுல ஒண்ணுமே தெரியாது.

பொண்ணை ஏத்திக்கிட்டு 'யூ' அடிச்சுத் திரும்பறேன். ரெண்டு காருக்கு நடுவுலேருந்து ஒரு பையன் ஓடி வந்துட்டான். யூகேஜி இருக்கும். எதிர்ப்பக்கம் அவன் பாட்டி நின்னு கையாட்டிக்கிட்டிருக்காங்க, அவன் கண்ணுக்குப் பாட்டி மட்டும்தான் தெரியுது. நான் பிரேக் அடிச்சேன். ஈர ரோடு, வண்டி ஒரு சறுக்கு சறுக்கி நின்னுச்சு. பையன் மேல படல. அவன் கைல இருந்த வாட்டர் பாட்டில் விழுந்து என் முன் சக்கரத்துக்கு அடியில போய் 'டப்'புன்னு உடைஞ்சுது. மூஞ்சில ஸ்பைடர்மேன் போட்ட பாட்டில்.

பாட்டி ஓடி வந்தாங்க. வந்து முதுகுல ரெண்டு வெச்சாங்க. என் முதுகுல இல்ல, பையன் முதுகுல. "பாத்து வர மாட்டியா சனியனே"ன்னு. என்கிட்ட, "சாரி தம்பி, சின்னப் பையன்"ன்னாங்க.

அஞ்சு வயசுப் பையன் ஸ்கூல் வாசல்ல பாட்டியப் பாத்து ஓடறான். அதுல அவன் தப்பு என்ன? ஸ்கூல் வாசல்ல யூ டர்ன் அடிச்சது நான். கண்ணு தெரியாத தொப்பிய மாட்டிக்கிட்டு வண்டி ஓட்டினது நான். என்கிட்ட எதுக்கு சாரி?

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. சும்மா படுத்துக்கிட்டு இதுவரைக்கும் நம்ம ஊர்ல என்னென்ன நடந்துச்சுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். 2012 ஜூலை ஞாபகம் இருக்கா? தாம்பரம் பக்கத்துல ஓடற ஸ்கூல் பஸ்ஸோட தரையில இருந்த ஓட்டை வழியா ரெண்டாங்கிளாஸ் குழந்தை கீழ விழுந்து, அதே பஸ் சக்கரத்துல போயிடுச்சு. சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து விசாரிச்சது. அதே வருஷம் தமிழ்நாட்டுல பள்ளி வாகனங்களுக்குன்னு தனியா சிறப்பு விதிகள் வந்துச்சு. அப்புறம் 2022 மார்ச், ஆழ்வார்திருநகர். வேன்லேருந்து இறங்கின ரெண்டாங்கிளாஸ் பையன், மறந்து வெச்சதை எடுக்கத் திரும்பி வந்திருக்கான். ஸ்கூல் வளாகத்துக்குள்ளயே அந்த வேன் அவன் மேல ஏறிடுச்சு. அந்த வருஷமே பள்ளி வாகனத்துல முன்னாடியும் பின்னாடியும் கேமரா, பின்னாடி ஆள் நின்னா கத்தற சென்சார் எல்லாம் கட்டாயம்னு விதியைத் திருத்தினாங்க. 2025 ஜூலை 8, கடலூர் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டுல பள்ளி வேன் மேல ரயில் மோதி மூணு பசங்க.

ஒவ்வொரு தடவையும் ஒரு குழந்தை போகும், ஒரு விதி வரும். விதி வந்தது நல்லதுதான், நான் குறை சொல்லல. ஆனா கவனிச்சீங்களா, அது அத்தனையும் ஸ்கூல் பஸ்ஸுக்கும் வேனுக்கும்தான். பஸ்ல உதவியாளர் இருக்கணும், மஞ்சள் பெயிண்ட் இருக்கணும், அவசர வழி இருக்கணும். சரி. கேட்டுக்கு வெளிய நாம கொண்டு போய் நிறுத்தற நானூறு வண்டிக்கு என்ன விதி? அதுல எந்த சென்சார்? நம்ம ஆளுங்க ஆர்.டி.ஓ.வை ஒரு மணி நேரம் திட்டுவாங்க, திட்டி முடிச்சுட்டு கார் கதவை ரோட்டுப் பக்கமாத் திறந்து குழந்தைய இறக்கி விடுவாங்க. இடது பக்கம் இறக்கினா ப்ளாட்பாரம், வலது பக்கம் இறக்கினா பின்னாடி வர்ற தண்ணி லாரி. இதைச் சொல்லிக் குடுக்க சட்டம் வரணுமா?

சட்டமும் இருக்குங்கறது வேற விஷயம். டூவீலர்ல நாலு வயசுக்கு மேல இருக்கற யாரா இருந்தாலும் ஹெல்மெட் போடணும்னு 2019 திருத்தத்துலேருந்தே சொல்லுது. ஒன்பது மாசத்துலேருந்து நாலு வயசு வரைக்கும் ஹெல்மெட்டோட உங்க உடம்போட சேர்த்துக் கட்டற பெல்ட்டும் வேணும், நாப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாதுன்னு 2023 பிப்ரவரிலேருந்து விதி. ஸ்கூல் வாசல்ல அரை மணி நேரம் நின்னு பாருங்க. அப்பா தலைல மட்டும் ஹெல்மெட் இருக்கும். போலீஸ் பிடிச்சா அபராதம் அப்பாவுக்குத்தானே!

சரி, மழையோட ஏன் முடிச்சுப் போடறேன்னு கேப்பீங்க. நம்ம ஊர்ல அக்டோபர், நவம்பர்தான் ஸ்கூல் வாசல் ரொம்ப மோசமா இருக்கற மாசம். மழை பெய்யுதேன்னு வழக்கமா நடந்து வர்றவங்களும் வண்டி எடுத்துக்கிட்டு வருவாங்க. நூறடி தள்ளி நிறுத்தறவங்க கேட்டுக்கே வருவாங்க, குழந்தை நனைஞ்சா ஜுரம் வரும்னு. பள்ளம் எது தண்ணி எதுன்னு தெரியாது. குடை பிடிச்சுக்கிட்டு வர்ற பசங்களுக்கு எதிர்ல வர்ற வண்டி தெரியாது. அதே ரெண்டு மாசம்தான் ஃப்ளூ சீசன். ரெண்டுமே ஒரே கேட் வழியாத்தான் உள்ள போகுது.

(நனைஞ்சா ஜுரம் வர்றதில்லைங்க. வைரஸ் வந்தாத்தான் வரும். இதை எங்க அம்மாகிட்ட நாப்பது வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன், இன்னும் தலை துவட்டி விடறாங்க.)

இப்ப ரெண்டாவது கதை. பாட்டில் உடைச்சு பத்து நாள் கூட ஆகல. திங்கட்கிழமை காலைல பொண்ணு எழுந்திருக்கும்போதே உடம்பு அனலாக் கொதிக்குது. தெர்மாமீட்டர்ல நூத்திரெண்டு. தங்கமணிக்கு ஆடிட், லீவு போட முடியாது. எனக்கு ரிலீஸ். ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டோம். பொண்ணு என்னடான்னா, "லீவு வேணாம்பா, எனக்கு சர்டிஃபிகேட் போயிடும்"னு அழறா. ஜூன்லேருந்து ஒரு நாள் கூட லீவு போடாம போயிட்டிருக்கா. வருஷக் கடைசில ஆண்டு விழா மேடைல நூறு சதவீத வருகைப் பதிவுக்கு சான்றிதழும் ஒரு ஸ்டீல் டிஃபன் பாக்ஸும் குடுப்பாங்க.

நான் என்ன செஞ்சேன்? ஏழு மணிக்கு பாராசிட்டமால் சிரப் குடுத்தேன். ஏழே முக்காலுக்கு ஜுரம் இறங்கிடுச்சு. எட்டு மணிக்கு ஸ்கூட்டர்ல ஏத்திக் கொண்டு போய் விட்டுட்டேன். கேட்ல வாட்ச்மேன் தாத்தா அந்தத் துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டரை நெத்தில காட்டியிருந்தாக் கூட பாஸாகியிருப்பா. (அந்தத் துப்பாக்கி 2021ல ஸ்கூல் திறந்தப்ப வாங்கினது. இப்ப எந்த பீரோவுல தூங்குதோ.)

பாராசிட்டமால் ஜுரத்தை நாலு மணி, மிஞ்சினா ஆறு மணி நேரம் அமுக்கி வெக்கும். அவ்ளோதான். வைரஸை ஒண்ணும் செய்யாது. இது எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். பதினொன்றரைக்கு ஃபோன் வந்துச்சு, மறுபடி நூத்திரெண்டு, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. போனா, ஆபீஸ் ரூம் பக்கத்துல ஒரு பெஞ்ச்ல என் பொண்ணோட சேர்த்து நாலு பேர் சுருண்டு படுத்திருக்காங்க. ஆயாம்மா என்னைப் பாத்துட்டு, "எல்லாரும் காலைல மருந்து குடுத்துத்தான் சார் அனுப்பறாங்க, பதினோரு மணிக்கு மேல இங்கதான் வரிசையா வந்து படுக்குதுங்க"ன்னாங்க. சாதாரணமாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் தலை நிமிர முடியல.

டாக்டர் ஃப்ளூன்னார். ஃப்ளூ வந்தவங்க, காய்ச்சல் தெரியறதுக்கு ஒரு நாள் முன்னாடியே மத்தவங்களுக்குப் பரப்ப ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் அஞ்சாறு நாள் வரைக்கும் பரப்புவாங்க, முதல் மூணு நாலு நாள்ல ரொம்ப ஜாஸ்தி. குழந்தைங்க பெரியவங்களை விட இன்னும் அதிக நாள். அப்ப கணக்குப் போட்டுப் பாத்தேன். சனிக்கிழமை ஸ்கூல் இல்ல, ஞாயித்துக்கிழமை டியூஷன், திங்கள் நாலு மணி நேரம் கிளாஸ். மழைன்னு ஜன்னலை எல்லாம் சாத்தி வெச்ச கிளாஸ் ரூம்ல முப்பத்தெட்டு பேர். அந்த வாரக் கடைசில வாட்ஸப் குரூப்ல மிஸ் போட்டாங்க: பதினோரு பேர் வரல.

அதோட முடிஞ்சிருந்தா நான் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். என் பொண்ணோட ஸ்கூல் ஆட்டோல வர்ற அவ கிளாஸ் பையன் ஒருத்தன். அவனும் அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தன். அவன் வீட்ல எட்டு மாசக் கைக்குழந்தை, தங்கச்சிப் பாப்பா. அதுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சு, ஆஸ்பத்திரில நாலு நாள் ஆக்சிஜன் வெச்சிருந்தாங்க. நல்லபடியா வீட்டுக்கு வந்துடுச்சு, அந்தக் கடவுளுக்கு நன்றி. என் பொண்ணுகிட்டேருந்துதான் போச்சுன்னு யாரும் சொல்லல. சொல்லவும் முடியாது, பெஞ்ச்ல நாலு பேர் படுத்திருந்தாங்களே. ஆனா அந்தக் குழந்தையோட அம்மா போன மாசம் காய்கறிக் கடைல பாத்தப்ப, "உங்க பொண்ணு இப்ப நல்லா இருக்காளா அண்ணா?"ன்னு விசாரிச்சாங்க. நான் அவங்க கண்ணைப் பாத்துப் பேசாம தக்காளியைப் பொறுக்கிக்கிட்டே பதில் சொன்னேன்.

கேட் வாசல்ல யூ டர்ன் அடிக்க வெச்சதும் திங்கட்கிழமை காலைல சிரப் குடுக்க வெச்சதும் ஒரே புத்திதான். இன்னிக்கு ஒரு நாள்தானே. அடுத்தவன் குழந்தை மேல நாம ஏத்தற ரிஸ்க்குக்கு நாம வெச்சிருக்கற செல்லப் பேரு அது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2009 ஆகஸ்ட்ல பன்றிக் காய்ச்சல் வந்தப்ப நாடே எப்படி ஆடிச்சுன்னு உங்கள்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும். இந்தியாவுல அதுக்கு முதல்ல பலியானது புனேல ஒரு பள்ளி மாணவி, பதினாலு வயசு. புனேல ஸ்கூலையெல்லாம் மூடினாங்க. மாஸ்க் ப்ளாக்ல வித்துச்சு. அந்த வைரஸ் எங்கயும் போகல மக்களே, வருஷா வருஷம் வர்ற சாதா ஃப்ளூவுல ஒண்ணா இப்ப நம்மளோடயே இருக்கு. பேர் பழகிடுச்சு, பயம் போயிடுச்சு. நம்ம பக்கத்துப் புதுச்சேரில 2022 செப்டம்பர்லயும் 2023 மார்ச்லயும் குழந்தைங்களுக்குக் காய்ச்சல் பரவுதுன்னு எட்டாவது வரைக்கும் ஸ்கூலை மூடினாங்க. மார்ச்ல கூடவான்னு கேக்காதீங்க. நம்ம நாட்டுல மழைக்கு அப்புறம் ஒரு ரவுண்டு, ஜனவரிலேருந்து மார்ச்சுக்குள்ள இன்னொரு ரவுண்டுன்னு ஃப்ளூ ரெண்டு தடவை வரும்.

ஊசி இருக்கு. அரசாங்கத்தோட இலவசத் தடுப்பூசிப் பட்டியல்ல ஃப்ளூ இல்ல, அதனால நிறைய பேருக்கு இருக்கறதே தெரியாது. ஆறு மாசத்துலேருந்து அஞ்சு வயசு வரைக்கும் வருஷா வருஷம் போடச் சொல்லி குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்குது. ஒன்பது வயசுக்குள்ள முதல் தடவை போடற குழந்தைக்கு நாலு வார இடைவெளில ரெண்டு டோஸ். ஏன் வருஷா வருஷம்னா, வைரஸ் சட்டை மாத்திக்கிட்டே இருக்கும், உலக சுகாதார நிறுவனமும் வருஷத்துக்கு ரெண்டு தடவை கலவையை மாத்திச் சொல்லும். போட்டு ரெண்டு வாரம் ஆகும் வேலை செய்ய. அதனால தீபாவளி முடிஞ்சு யோசிச்சா லேட். போட்டா ஃப்ளூவே வராதுன்னு இல்ல, வந்தாலும் ஆஸ்பத்திரி வரைக்கும் போற வாய்ப்பு குறையும். உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, நான் டாக்டர் இல்ல. அப்படியே இன்னொண்ணு, குழந்தைக்கு ஜுரம்னா ஆஸ்பிரின் பக்கமே போகாதீங்க. போன தடவை குடுத்த ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கேன்னு அதையும் ஊத்தாதீங்க, வைரஸுக்கு அது சல்லிக்காசு பிரயோஜனம் இல்ல. மூச்சு வேகமா வாங்கினாலோ, தண்ணி கூடக் குடிக்காம துவண்டு கிடந்தாலோ, ராத்திரியா இருந்தாலும் கிளம்பிடுங்க. இந்த சீசன்ல டெங்குவும் சுத்துது, வீட்லயே கண்டுபிடிக்க நாம விஞ்ஞானி இல்ல. நிலவேம்புக் கஷாயம் குடுக்கறவங்க குடுங்க, ஆனா கஷாயம் குடிச்சாச்சுன்னு ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க.

எப்ப அனுப்பலாம்? மருந்தே குடுக்காம இருபத்தி நாலு மணி நேரம் ஜுரம் இல்லாம இருந்தா. 'மருந்தே குடுக்காம'ங்கறதை ரெண்டு தடவை படிங்க.

இப்ப உங்கள்ல சில பேர் கேக்கறது காதுல விழுது. "ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்ல அஞ்சு நாள் யாருய்யா பாத்துக்கறது?" நியாயமான கேள்வி. சித்தாள் வேலைக்குப் போற அம்மா ஒரு நாள் லீவு போட்டா அன்னிக்குக் கூலி கிடையாது, அவங்களுக்கு உபதேசம் பண்ண எனக்கு யோக்யதை இல்ல. ஆனா உங்களையும் என்னையும் மாதிரி ஏசி ரூம்ல உக்காந்து ஆணி புடுங்கறவங்களுக்கு? தங்கமணி டைரில எழுதி வெச்சிருக்காங்க (ஆமாங்க, எழுதி வெச்சிருக்காங்க, அவ்வ்வ்வ்). பொண்ணு ஸ்கூல் சேர்ந்ததுலேருந்து உடம்பு சரியில்லாம வீட்ல இருந்த நாள்ல லீவு போட்டது பதினேழு தடவை அவங்க, ரெண்டு தடவை நான். அதுல ஒரு தடவை எனக்கும் ஜுரம்! மத்திய அரசுல 2008லேருந்து பெண் ஊழியர்களுக்குக் குழந்தை பராமரிப்புக்குன்னு மொத்த சர்வீஸ்ல 730 நாள் லீவு இருக்கு. ஆம்பளைக்கு, தனியாக் குழந்தை வளர்க்கறவரா இருந்தாத்தான் உண்டு. ரூல் போட்டவங்களும் நம்ம வீடு மாதிரிதான் யோசிச்சிருக்காங்க. குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னு நான் லீவு கேட்டா மேனேஜர் முதல்ல கேக்கற கேள்வி, "ஏன், வீட்ல அவங்க இல்லையா?"

ஸ்கூல் பக்கம் வருவோம். ஃபீஸைக் குறை, ஏசி போடுன்னெல்லாம் கேக்கல. அந்த நூறு சதவீத வருகைப் பரிசைத் தூக்குங்க, அது போதும். எட்டு வயசுக் குழந்தைக்கு ஜுரம் வந்தா அது தோல்வியா? ஜுரத்தோட வந்து முப்பத்தேழு பேருக்குக் குடுத்தா அது சாதனையா? அந்த டிஃபன் பாக்ஸை நானே வாங்கித் தர்றேன். அப்புறம் பெல்லை ஒரே நேரத்துல அடிக்காதீங்க. 2021ல ஒவ்வொரு கிளாஸையும் பத்து நிமிஷ இடைவெளில விட்டாங்களே, தெரு எவ்ளோ அமைதியா இருந்துச்சு. கை கழுவற இடத்துல சோப்பு வெச்சதும் அந்த வருஷம்தான். குழாய் இருக்கு, சோப்பு எங்க போச்சு? ஜன்னல்ல ரெண்டையாவது மழைலயும் திறந்து வைங்க.

பேரண்ட்ஸ் மீட்டிங்ல இதையெல்லாம் எழுந்து நின்னு சொன்னேன். பிரின்சிபால் மேடம் குறிச்சுக்கிட்டாங்க, வருகைப் பரிசு பத்தி யோசிக்கறோம்னாங்க. பின்னாடி வரிசைலேருந்து ஒரு அப்பா, "சார், அதுல என் பையன் மூணு வருஷமா வாங்கறான், ஏன் சார் கெடுக்கறீங்க"ன்னார். பாதிப் பேர் சிரிச்சாங்க. கேட்டுக்கு நூறு மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்திட்டு நடந்து வந்து விடலாம்னு சொன்னதுக்கு யாரும் சிரிக்கல, யாரும் கையும் தூக்கல. ஒரே ஒரு பாட்டி மட்டும், "நான் எப்பவுமே நடந்துதான்பா வர்றேன்"னாங்க. யாருன்னு பாத்தா, அதே பாட்டி. ஸ்பைடர்மேன் பாட்டில் பாட்டி. மீட்டிங் முடிஞ்சதும் அவங்ககிட்ட போய், அன்னிக்குத் தப்பு என் மேலதாம்மா, பையன் மேல இல்லன்னு சொன்னேன். "அது கெடக்குது தம்பி"ன்னாங்க. புது பாட்டில் வாங்கிட்டீங்களான்னு கேட்டேன். பென் டென் வாங்கிட்டானாம்.

இப்ப நான் தெருமுனைப் பிள்ளையார் கோயில் பக்கத்துல வண்டிய நிறுத்திட்டுத்தான் போறேன். கைய பிடிச்சுக்கிட்டு நாலு நிமிஷ நடை. முதல் வாரம் பொண்ணு சிணுங்கினா, "ஏம்பா, எல்லார் அப்பாவும் கேட் வரைக்கும் வர்றாங்க". இப்ப அந்த நாலு நிமிஷத்துல கிளாஸ்ல யார் யார்கூட காய், யார் யார்கூட பழம்னு முழுச் செய்தி அறிக்கை வாசிச்சுடறா. மழை வந்தா குடை. ரெயின்கோட் தொப்பிய கத்திரிக்கோலால வெட்டி எடுத்துட்டேன்.

சான்றிதழ் இந்த வருஷம் போச்சு. அஞ்சு நாள் லீவு, அதுல மூணு நாள் நான் போட்டேன். பதினேழுக்கு அஞ்சு. இன்னும் நிறைய பாக்கி இருக்குன்னு தங்கமணி சொல்லச் சொன்னாங்க.

டிஸ்கி: ஸ்கூல் பேர் கேட்டுப் பின்னூட்டம் போடாதீங்க, சொல்ல மாட்டேன். உங்க தெரு ஸ்கூல் வாசலும் இதே மாதிரிதான் இருக்கும், போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.